உப்புத் தண்ணீர் குடித்த பேட்டரி

எங்கள் கூடத்தின் வாசல் தூணில் பச்சைப் பெயிண்டில் ஒரு வரி எழுதியிருக்கும்: ‘கடல் தண்ணீர் பட்டது உள்ளே வராது.’ ஓடி ஓய்ந்த மின்சார வண்டிகளின் பேட்டரிகளைப் பிரித்து, உயிர் இருக்கிற செல்களை வேறு வேலைக்கு அனுப்பி, உயிர் போனவற்றை உலோகம் எடுக்க அனுப்புகிற இடம் அது. நான் ஓய்வு பெற்ற பிறகு பிரிக்கும் பகுதிக்குக் கவிதாதான் பொறுப்பு. போன வாரம் அவள் போன் செய்தாள்.

“அக்கா, புதுசா சேந்தவங்க அந்தத் தூணைக் காட்டிக் காட்டிக் கேக்குறாங்க. நனைஞ்சத காயவெச்சு மீட்டர் வெச்சா நல்லாத்தான காட்டுது, அதை ஏன் தூக்கிப் போடணும்னு. நான் சொன்னா ரூல் பேசுற மாதிரி இருக்கு. அன்னைக்குப் பக்கத்துல நின்னவங்க நீங்க. எழுதிக் குடுங்களேன்.”

சரி என்றேன். ஆனால் விதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பக்கிரிசாமி சாரைப் பற்றித்தான் எழுத வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்பதால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் சுரக்குடியில் பிறந்தவள். அப்பாவுக்கு நெல் விவசாயம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன், விழிதியூரில் வாழ்க்கைப்பட்டேன், இன்வெர்ட்டர் பேட்டரி செய்யும் ஒரு கம்பெனியில் ஈயத்தோடும் ஆசிடோடும் பாதி ஆயுளைக் கழித்தேன். அந்த வருடங்களின் மிச்சம், பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த சேலைகள்தான். என் துணியை வீட்டில் தனி வாளியில்தான் ஊறவைப்போம். பிறகு அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இனி வயலும் வீடும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, தலத்தெருப் பக்கம் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லை யாரோ எடுத்து, பழைய லித்தியம் பேட்டரி பிரிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது.

போய்ப் பார்த்தேன். மில்லின் இயந்திரங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். நெல் காயவைத்த சிமெண்ட் களம் அப்படியே இருந்தது. நெல் ஊறவைத்த தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு மூலையில் உமி குவிந்து கிடந்தது. கூடத்துக்குள் நீளமான மர மேசை ஒன்று, அதன்மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டபடி ஒருவர் நின்றிருந்தார்.

“வாங்க, உக்காருங்க. ஆசிட்ல வேலை பார்த்தவங்களா? கையக் காட்டுங்க.”

காட்டினேன். விரல்களில் இருந்த பழைய வடுக்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “ஆசிடு எங்க படுதோ அங்க அப்பவே எரியும். சொல்லிட்டு அடிக்கிற ஆளு. இங்க வர்றவங்க அப்படி இல்ல. சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. அது மட்டும் ஞாபகத்துல இருக்கட்டும்.”

அதுதான் எனக்கு நடந்த நேர்காணல்.

பக்கிரிசாமி சார் சரக்குக் கப்பல்களில் மின்சாரப் பிரிவு அதிகாரியாக உலகம் சுற்றியவர். காரைக்கால்காரர். கப்பலை விட்டு இறங்கி, மனைவியும் காலமான பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்திருந்தார். அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. கூட்டுகிற அம்மாவையும் “வாங்க”தான், லாரி டிரைவரையும் “வாங்க”தான். பேட்டரிக்கும் அதே மரியாதை. காலையில் உள்ளே வந்ததும் முதல் கேள்வி, “நேத்து வந்தவங்க எப்படி இருக்காங்க?” என்பதாக இருக்கும். சூடாக இருந்தால் “கோவமா இருக்காங்க, தொடாதீங்க” என்பார். முதல் மாதம் நாங்கள் முந்தானைக்குள் சிரித்தோம். அடுத்த மாதம் நாங்களும் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பேட்டரிப் பெட்டி வந்தால் அதை உடனே மேசையில் ஏற்றக்கூடாது. முதலில் களத்தில், வெயில் படாத இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஒரு முழு நாள் அது யாரும் தொடாமல் கிடக்கட்டும். வண்டியில் வந்த குலுக்கலில் உள்ளே ஏதாவது ஆகியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்பது சாரின் கணக்கு. அப்புறம் மேசை. மூடியைத் திறப்பதற்கு முன் மூக்கால் பார்க்க வேண்டும். செல் கசிந்திருந்தால் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். வாடை இருந்தால் மூடியில் கை வைக்கக்கூடாது. வாடை இல்லையென்றால் திருகுகளைக் கழற்றி, இணைப்பைத் துண்டித்து, செல்களைக் கோத்திருக்கும் செப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்; ஒன்றை எடுத்ததும் அந்த இடத்தை ரப்பர் துண்டால் மூடிவிட்டுத்தான் அடுத்தது. கார் பேட்டரிகள் வரத் தொடங்கியதும் இன்னொரு பழக்கம் சேர்ந்தது. ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகக் கடக்கும். நாங்கள் பெண்கள் வரிசையாக ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பார்சல் கொண்டுவந்தவர் ஒருவர், “என்னங்க, எல்லாருக்கும் தண்டனையா?” என்று கேட்டார்.

பிரித்த செல்களை ஏற்றி இறக்கிச் சோதிப்போம். தெம்பு இருப்பவை இடப்பக்க அலமாரிக்கு. இல்லாதவை வலப்பக்க டிரம்முக்கு. அவை வெளியூர் ஆலைக்குப் போய்ப் பொடியாகி, அந்தப் பொடியிலிருந்து செம்பும் நிக்கலும் கோபால்ட்டும் திரும்பவும் உலோகமாக வெளியே வரும். இடப்பக்கம் போனவற்றைச் சேர்த்துக் கட்டிப் பெரிய பெட்டிகளாக்குவோம். ஆனால் ஒரு கட்டுப்பாடு. “ஓடி முடிச்சவங்கள மறுபடி ரோட்டுக்கு அனுப்பக்கூடாது. ஒரு எடத்துல உக்கார வெச்சு வேலை வாங்கலாம்” என்பார் சார். அதனால் அவை தையல் கடைக்கும், இறால் குட்டையில் காற்றைக் கலக்கும் சக்கரத்துக்கும், பழச்சாறு கடைக்கும் போயின. காரைக்கால் கடைத்தெருவில் மின்சாரம் நின்று தெரு இருண்டிருக்கும்போது, நடுவில் ஒரு கடை மட்டும் வெளிச்சமாக இருந்தால், என் கால் அங்கே தானாக நிற்கும். யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த வெளிச்சத்தை யார் கட்டியது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது.

மேசைக்குப் போகும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. வளையல், மோதிரம், கொலுசு எல்லாம் கழற்றியாகிவிட்டது. குனியும்போது ஒரு சங்கிலி நழுவி இரண்டு முனைகளின் குறுக்கே விழுந்தால் அது கண் மூடித் திறப்பதற்குள் பழுத்துக் கழுத்தைச் சுட்டுவிடும். எங்கள் எல்லோர் கழுத்திலும் தாலிச் சங்கிலி இருந்தது. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மல்லிகா, ஒண்ணு கேக்கணும். அதைக் கேக்க எனக்கு உரிமை கெடையாது. கேட்டுட்டு வெளியில போய் நிக்கிறேன். நீங்க வீட்ல பேசிட்டு எப்ப வேணும்னாலும் சொல்லுங்க. முடியாதுன்னா சோதிக்கிற பக்கம் வேலை தர்றேன், அதே மரியாதையோட.”

கேட்டார். சொன்னபடியே வெளியே போய்க் களத்தில் நின்றுகொண்டார்.

வீட்டில் சொன்னதும் என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதக் கழட்டி வெச்சிட்டுப் பார்க்குற அளவுக்கு அப்படி என்னா வேலை?” என் கணவர் மனோகரன் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கேட்டார். “கழட்ட வேணாம்மா. மாத்திக்கலாம்” என்றார். மறுநாள் விடிந்ததும் ஒரு நூல்கயிறுக்கு மஞ்சள் தடவி, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து, சாமி படத்தின் முன் என்னை நிற்கவைத்தார். கையில் எடுத்தவர் திடீரென்று சந்தேகப்பட்டார்.

“இதுல கரண்டு பாயாதே?”

“காஞ்ச கெழங்கா பார்த்துக் கட்டுங்க” என்றேன். மாமியார் உட்பட மூன்று பேரும் சிரித்துவிட்டோம். கல்யாணத்தன்று கட்டியபோது எனக்குத் தலை நிமிரத் தெரியவில்லை. அன்று காலையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிக்கொண்டேன். சார் மறுநாள் அந்தக் கயிற்றைப் பார்த்தார். என் பெயரை மேசைப் பட்டியலில் முதலில் எழுதினார். பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கயிற்றுக்கு மாறினார்கள்.

இனி அந்தப் பேட்டரியின் கதை.

ஒரு ஐப்பசியில் புயல் வந்தது. எங்கள் பக்கம் மரங்கள் சாய்ந்ததோடு போயிற்று. கடலோரக் குப்பத்தில் மட்டும் கடல் தெருவுக்குள்ளேயே ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு, மூழ்கிக் கிடந்த மின்சார ஆட்டோக்களின் பேட்டரிகள் எங்களிடம் வந்தன. சார் அவற்றைக் கூடத்துக்குள் விடவே இல்லை. களத்தின் கடைசியில் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பிய ஊறல் தொட்டியில் இறக்கி, மிச்சமிருந்த சக்தி எல்லாம் வடிந்த பிறகு உலோகம் எடுக்க அனுப்பினார். பிரிக்கவில்லை, சோதிக்கவில்லை. இவ்வளவையும் வீணாக்குகிறாரே என்று எங்களுக்கே இருந்தது. வெளியில் பார்த்தால் சில பெட்டிகள் புதுப் பெட்டிகள் மாதிரி பளபளவென்று இருந்தன.

அந்த நாட்களில் ஒரு காலையில் நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மின்சார ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியவள் சாந்தி. குப்பத்துப் பெண். கணவர் கடலுக்குப் போகிறவர். அவர்கள் தெருவில் ஆட்டோ ஓட்ட இறங்கிய முதல் பெண் அவள்தான். பஸ் நிறுத்தத்தில் பேசிப் பேசிப் பழக்கம்.

“சாந்தி, ஒங்க தெருவுல கடல் ஏறுச்சுன்னாங்களே. வண்டி எங்க நின்னுச்சு?”

“அங்கனதான்க்கா. சீட்டு வரைக்கும் தண்ணி. போச்சுன்னுதான் நெனச்சேன். மெக்கானிக் பெட்டியக் கழட்டி, தொறந்து, தொடச்சு வெயில்ல வெச்சாரு. இப்ப முன்னயவிட நல்லா ஓடுதுக்கா.” பின்னால் திரும்பி, “கைய உள்ள வைங்கடி” என்று அதட்டிவிட்டுக் கிளம்பிப் போனாள். பேட்டரி அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த சீட்டுக்குக் கீழேதான் இருந்தது.

அன்று மூன்று மணிக்கு மேல்தான் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது சாரிடம் சொன்னேன். அவர் டப்பாவை மூடி வைத்தார்.

“அந்த வண்டி இப்ப எங்க இருக்கும்?”

“ஸ்கூல் விடுற நேரம் ஆச்சுங்க சார்.”

“கெளம்புங்க.”

கம்பெனிக்கென்று ஒரு மின்சார ஆட்டோ இருந்தது. சாரே ஓட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி வாசலில் அம்மாக்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். சாந்தியின் வண்டியில் பாதிப் பிள்ளைகள் ஏறிவிட்டிருந்தார்கள். சார் அவள் பக்கத்தில் போய்க் கைகூப்பினார்.

“வணக்கம்மா. என் பேரு பக்கிரிசாமி. பேட்டரி வேலை பார்க்குறேன். ஒங்க வண்டிய கொஞ்ச நாளைக்கு என்கிட்ட விட்டுவைக்க முடியுங்களா? உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு. பார்க்கணும்.”

சாந்தி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன் என்று புரிந்துவிட்டது. “பார்க்க என்னா சார் இருக்கு? ஓடுது பாருங்க.”

“ஓடுறதுனாலதான் பயமா இருக்குங்க.”

அம்மாக்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் தன் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டார். சாந்தியின் முகம் சிவந்துவிட்டது. குரல் உயர்ந்தது.

“என் வண்டிய எல்லார் முன்னாடியும் குத்தம் சொல்றீங்களா சார்? ஒரு பொம்பள வண்டி ஓட்டுறான்னு முன்னாடியே ஆயிரம் பேச்சு. இவங்கல்லாம் என்னை நம்பிப் புள்ளையக் குடுக்க எத்தனை நாளாச்சு தெரியுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்கு எவ என் வண்டில ஏத்துவா?”

அவள் சொன்னது உண்மை என்பது சாருக்குத் தெரிந்தது. பிறகு அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“நான் சொல்றது தப்பா இருந்துச்சுன்னா, இதே வாசல்ல வந்து நின்னு, எல்லார் முன்னாடியும் ஒங்க வண்டி நல்ல வண்டி, நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்றேன். சரியா இருந்துச்சுன்னா ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன். இந்தாங்க.” கம்பெனி வண்டியின் சாவியை அவள் கையில் வைத்தார். “புள்ளைங்கள இதுல ஏத்திக்குங்க. ஒங்களது திரும்பி வர்ற வரைக்கும் இதை ஓட்டுங்க. இந்த பேட்டரிய எனக்கு மொத நாள்லேர்ந்து தெரியும்.”

சாந்தி சாவியைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். “எறங்குங்கடி. அந்த வண்டில போய் ஏறுங்க” என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் வண்டியை மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் ஏறப் போனேன். சார் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க பஸ்ல வாங்க மல்லிகா.” வண்டியைத் தனியாக, மெதுவாக, ஓரமாக அவரே ஓட்டிக்கொண்டு போனார். கம்பெனி வண்டியைக் கொடுத்துவிட்டதை முதலாளியிடம் அன்று மாலைதான் சொன்னார். அவர்கள் இருவரும் அறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வண்டி சாந்தியிடமே இருந்தது.

பேட்டரிப் பெட்டியை இருவருமாகக் கழற்றினோம். ஊறல் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் சாய்வாக ஒரு பலகையைப் போட்டு, பலகையின்மேல் பெட்டியை வைத்தார் சார். பக்கத்தில் நீளமான சவுக்குக் கழி ஒன்று. ஏதாவது ஆனால் கை வைக்காமல் தள்ளிவிடலாம். மேலே மழை படாமல் தகரம். தினம் காலையிலும் மாலையிலும் போய், பெட்டிக்கு வெளியே வரும் சோதனை ஒயர்களில் மீட்டரை வைத்து, உள்ளே வரிசை வரிசையாக இருந்த செல்களைப் பார்த்துவிட்டு வருவது என் வேலை.

எல்லா வரிசையும் ஒரே அளவு காட்டின. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சாந்தி பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தினம் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

“இன்னைக்கு என்னாக்கா சொல்லுது?”

“நல்லாத்தான் காட்டுது சாந்தி.”

“அப்ப குடுத்துரச் சொல்லுங்க.”

எனக்கே தர்மசங்கடமாக இருந்தது. மீட்டர் பொய் சொல்லாது என்று ஈயக் காலத்திலிருந்து நம்பி வந்தவள் நான். சாரிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“மீட்டர் இன்னைக்கு உள்ளதைச் சொல்லும் மல்லிகா. உப்பு நாளைக்கு உள்ளதைச் செய்யும். இன்னும் கொஞ்சம் பொறுங்க.”

அடுத்த வாரம் ஒரு காலையில் ஒரே ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மிகக் கொஞ்சம். என் கை சரியாக வைக்கவில்லையோ என்று திரும்ப வைத்துப் பார்த்தேன். மாலையில் இன்னும் கொஞ்சம். மற்ற வரிசைகள் அசையவில்லை. சாந்தியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: “வெச்சிருந்தா எல்லா பேட்டரியும்தானக்கா எறங்கும்?”

“எறங்கும். எல்லாம் சேந்து எறங்கும். ஒண்ணு மட்டும் தனியா எறங்குனா, உள்ளுக்குள்ள கரண்டு வேற எங்கயோ வழி கண்டுபிடிச்சிருச்சுன்னு அர்த்தம்.”

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சார் வெளியே வந்தார். “தொறந்து பிரிச்சுட்டா திரும்பச் சேக்க முடியாதும்மா. ஒங்க பொருளு. நீங்க சொன்னாத்தான் தொறப்பேன்” என்றார்.

“தொறங்க சார். ஆனா நானும் நிப்பேன்.”

மறுநாள் வெயில் ஏறியதும் திறப்பது என்று ஆயிற்று. மற்ற எல்லோரையும் சார் மில்லின் முன்பக்கத்துக்கு அனுப்பினார். சாந்தியைக் களத்தின் அந்தக் கோடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நிற்கவைத்தார். மூலையிலிருந்து ஒரு பிடி உமியை அள்ளி மேலே எறிந்தார். அது கடல் பக்கத்திலிருந்து வயல் பக்கமாகப் பறந்தது. “காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க” என்றார். மேலங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை. நான் திருகு, அவர் மூடி.

மூடி எழும்பும்போதே அந்த இனிப்பு வாடை வந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். மேலே துடைத்த இடமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. துணி போகாத இடுக்குகளில், செப்புப் பட்டைக்கும் செல்லுக்கும் நடுவில், வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. உப்பளத்தில் வரப்போரம் படிந்திருக்குமே, அந்த மாதிரி. அந்த ஒரு வரிசையின் செல்கள் மட்டும் இலேசாக உப்பி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. பட்டையின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொடவில்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம், குக்கரில் ஆவி கிளம்புமே, அப்படி.

“விடுங்க. பின்னால வாங்க.” சாரின் குரல் துளிகூட உயரவில்லை.

பின்னால் வந்து கழியை எடுத்தேன். வெள்ளைப் புகை தரையோரமாக இறங்கி ஓடியது. கழியைப் பெட்டியில் கொடுத்துத் தள்ளினேன். பெட்டி நகர்ந்து, பலகையின் நுனியில் ஒரு மூலை சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. புகை கறுத்தது. உள்ளே ஏதோ படபடவென்று வெடித்தது. இன்னொரு தடவை தள்ளினேன், வரவில்லை. சார் எனக்குப் பின்னால் வந்து அதே கழியைப் பிடித்தார். அவருடைய கைகள் என் கைகளுக்குப் பக்கத்தில் இருந்தன. “சேந்து” என்றார். இருவரும் சேர்ந்து தள்ளினோம். பெட்டி புரண்டு தொட்டிக்குள் விழுந்தபோது ஒரு ஆள் உயரத்துக்குத் தீ எழுந்து, தண்ணீரில் அமுங்கியது. அமுங்கியும் அடங்கவில்லை. தொட்டி சோற்றுப் பானை மாதிரி கொதித்தது. உள்ளே செல்கள் ஒவ்வொன்றாக வெடிப்பது காலடியில் தெரிந்தது. நாங்கள் சுவர்வரை பின்வாங்கி, அது ஓயும்வரை அப்படியே நின்றோம்.

சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. புகை எல்லாம் வயல் பக்கம் போய்க் கரைந்த பிறகுதான் பேசினாள்.

“அது மேலதான்க்கா சின்னதுங்கள உக்கார வெப்பேன். பெருசுங்கள ஓரத்துல போட்டுட்டு, சின்னதுங்க வுழுந்துறக் கூடாதுன்னு நடுவுல, அது மேலதான்…”

அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்தப் பள்ளி வாசலுக்குப் பிறகு அன்றுதான் அவள் என் தோளில் கை போட்டாள். சார் முகமூடியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். தான் சொன்னது சரியாகிவிட்டது என்கிற நிறைவு அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை. “மல்லிகா, டீ போடச் சொல்லுங்க. எல்லாருக்கும்” என்றார். டீ வந்ததும் முதல் டம்ளரை வாங்கிச் சாந்தியிடம் கொடுத்தார்.

வண்டிக் கம்பெனியிடமும் இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் பேசிப் புதுப் பேட்டரி வாங்க நாளாயிற்று. சார் சாந்தியோடு அலைந்தார். எங்கள் அலமாரியில் நல்ல செல்கள் எவ்வளவோ இருந்தன, அதில் ஒன்று கட்டிக் கொடுத்தால் என்ன என்று முதலாளியே கேட்டார். சார் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி வண்டியைத்தான் அதுவரை அவள் ஓட்டினாள். நாங்கள் சரக்கைத் தள்ளுவண்டியில் தள்ளினோம்.

புதுப் பேட்டரி மாட்டிய அன்று சார் அந்தப் பள்ளி வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பிள்ளைகளை அழைக்க வந்த அம்மாக்கள் நின்றிருந்தார்கள். சார் கைகூப்பினார்.

“இந்த வண்டிய நான் பார்த்துட்டேங்க. நல்ல வண்டி. இந்த அம்மா ரொம்ப கவனமா ஓட்டுறவங்க. புள்ளைங்கள நம்பி அனுப்பலாம்.”

அவ்வளவுதான். தீயைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. சொன்ன வாக்குப்படி அவர் வரவே தேவையில்லை. ஆனாலும் வந்து சொன்னார்.

அவர் வாய் திறக்கவில்லை, சாந்திதான் திறந்தாள். குப்பத்தில், ஆட்டோ ஸ்டாண்டில், மீன் இறங்குகிற இடத்தில் என்று போகிற இடமெல்லாம் தன் பேட்டரிக்கு என்ன ஆனது என்று சொன்னாள். அடுத்த சில வாரங்களில், வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டியிருந்த பேட்டரிகளை ஓட்டுநர்கள் அவர்களாகவே கழற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு பேட்டரி படுக்கை அறையில், கட்டிலுக்குக் கீழே, கோணி போட்டு மூடி வைக்கப்பட்டிருந்ததாம். அதைக் கொண்டுவந்தவரின் மனைவி, அதன்மேல் படுத்துத்தான் இத்தனை நாள் தூங்கினோமா என்று களத்திலேயே அவரைத் திட்டித் தீர்த்தாள். எல்லாம் நேராகத் தொட்டிக்குப் போயின. அதற்குப் பிறகுதான் சார் பச்சைப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறித் தூணில் அந்த வரியைத் தன் கையால் எழுதினார்.

கவிதா, உன்னிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல். நல்ல பேட்டரியை நாம் தூக்கிப் போடவில்லை. அதிலிருக்கிற செம்பும் நிக்கலும் எங்கேயும் போய்விடாது. ஆலைக்குப் போய் இன்னொரு பேட்டரியாகத்தான் திரும்பி வரும். திரும்பி வராதவை வேறு. அவற்றுக்காகத்தான் அந்த வரி.

சார் அதன் பிறகும் சில வருடம் இருந்தார். பிறகு கண் மங்கத் தொடங்கியது. ஓசூரில் இருக்கும் மகள், தன்னோடு வந்து இருக்கும்படி பிடிவாதமாகக் கூப்பிட்டாள். விழா, மாலை எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்கு வேறு எந்த வண்டியும் வரக்கூடாது என்று சாந்தி சொல்லிவிட்டாள். ஆனால் அது பள்ளிக்கூட நேரம். “புள்ளைங்கள விட்டுட்டுத்தான் சார் ஸ்டேஷன்” என்றாள். “அதுதான் சரி” என்றார் அவர்.

சாரின் துணிப்பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஓரமாக உட்கார்ந்தேன். சார் பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில். வெள்ளைச் சட்டை, இரண்டு பக்கமும் சடையும் ரிப்பனும். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண் பாதியில் நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தாத்தா, நீங்க எந்த ஸ்கூலு?”

“நான் முடிச்சிட்டேம்மா.”

“முடிச்சிட்டீங்களா? பாஸா?”

சார் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவளைக் கைகாட்டினார்.

“அதை அவங்களத்தான் கேக்கணும்.”

“சாந்திக்கா, தாத்தா பாஸா?”

சாந்தி திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. சாலை காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஹார்னை ஒரு தடவை அடித்தாள்.

“பாஸு, பாஸு. ஒழுங்கா உக்காருங்கடி, தாத்தா மேல சாயாதீங்க” என்றாள். அந்தக் குரலில் அதட்டல் சரியாக வரவில்லை.